சிந்தசைசர்களை ஒரே கட்டையில் வைத்துக் கேட்பது எப்படி

காட்பாடி காந்தி நகரில் என் மாடி அறைக்கு கீபோர்டு ரிப்பேருக்கு வருகிறவர்களில் பலர், வேலை முடிந்ததும் உடனே கிளம்ப மாட்டார்கள். மேசை ஓரத்தில் இருக்கும் கருவிகளைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல எது சவுண்டு நல்லா இருக்கும்?" என்று ஆரம்பிப்பார்கள். கல்லூரிப் பையன்கள் என்றால் யூடியூபைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிற பெரியவர்களோ, "எல்லாம் கேசியோதானேப்பா" என்று முடித்துவிடுவார்கள். இரண்டு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நாபைத் திருப்பும்போது சத்தம் என்ன ஆகிறது என்று கேளுங்கள். அனலாக் கருவியின், அதாவது எண்களால் இல்லாமல் மின்னழுத்தத்தால் ஒலியை உண்டாக்கும் சிந்தசைசரின், குணம் அந்த அசைவில்தான் வெளியே வரும். அசையாமல் நிற்கும் ஒரு சுரத்தை மட்டும் கேட்டால், மினிமோக் என்ற பழைய சிந்தசைசருக்கும் நேற்று வந்த மலிவுக் கருவிக்கும் வித்தியாசம் சொல்லப் பலரால் முடியாது.

இதைச் செய்ய விலை உயர்ந்த ஸ்டூடியோ தேவையில்லை. இரண்டு கருவி, ஒரு ஹெட்போன், ஒரு மாலை நேரம் இருந்தால் ஆகும். ஏன் மாலை நேரம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எல்லாவற்றையும் சமமாக்குங்கள்

கொஞ்சம் உரக்க ஒலிப்பது நல்லதாகத் தோன்றும். நம் காதின் இயல்பு அப்படி. சத்தம் கூடினால் பேஸும் கூடுதலாகக் கேட்கும்; உடனே "இது கனமா இருக்கு" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். அதனால் காதை நம்பாமல் மீட்டரைப் பார்த்துச் சமப்படுத்துங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் மீட்டரில் உச்ச அளவைவிட, வெளிர் நிறத்தில் தெரியும் சராசரி அளவை இரண்டு கருவிக்கும் ஒன்றாக்குங்கள். கேட்பது எந்த ஹெட்போனில் வேண்டுமானாலும் இருக்கட்டும், கடைசிவரை அதே ஹெட்போன். செல்போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், அதில் கீழ் ஸ்தாயியே கிடையாது.

அடுத்து எஃபெக்ட், அதாவது ஒலிக்கு மேல் பூசும் மெருகு. ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ‑106ஐப் புகழ்கிறவர்களில் பாதிப்பேர் உண்மையில் அதன் கோரஸைத்தான் புகழ்கிறார்கள். அந்த இரண்டு கோரஸ் பொத்தான்களும் அணைந்திருக்கும்போது அது எளிமையான, கொஞ்சம் ஒல்லியான கருவி. கோரஸோடு கேட்டு மதிப்புப் போடுவது, சால்னாவில் ஊறிய பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு மாவைப் பற்றிப் பேசுவதுதான். முதலில் அணைத்துக் கேளுங்கள், அப்புறம் போட்டுக் கேளுங்கள். கோரஸோடு சேர்த்துத்தான் ஜூனோ என்று முடிவெடுத்தாலும் தப்பில்லை, தெரிந்து எடுத்தால் சரி.

பிறகு ஸ்ருதி. ஒரே கட்டையில் கேட்க வேண்டும். நான் ஒரு கட்டையை, அதாவது C சுரத்தை, ஸட்ஜமாக வைத்துக்கொள்கிறேன். கீழ் ஸ்தாயி ஸட்ஜம், நடு ஸ்தாயி ஸட்ஜம், மேல் ஸ்தாயி ஸட்ஜம் என்று மூன்று இடத்திலும் ஒவ்வொரு சோதனையையும் செய்யுங்கள். நடுவில் அழகாக இருந்துவிட்டு கீழே போனதும் குழறுகிற கருவிகள் உண்டு. கீழே பூமி அதிர ஒலித்துவிட்டு மேலே போனதும் கீச்சிடுகிறவையும் உண்டு.

வேலூர் வெயிலும் வோல்டேஜ் ஆசிலேட்டரும்

இந்தப் பகுதியை வெளியூர்க்காரர்கள் தாண்டிப் போகலாம். வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து ஆட்கள் அப்படிப் போக முடியாது.

அடிப்படை ஒலியை உண்டாக்கும் பகுதிதான் ஆசிலேட்டர். பழைய அனலாக் கருவிகளில் அதன் சுரத்தைத் தீர்மானிப்பது ஒரு மின்னழுத்தம். பெரும்பாலானவற்றில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். அந்த வோல்டை அதிர்வெண்ணாக மாற்றும் டிரான்சிஸ்டர் ஜோடி வெப்பத்துக்கு அசைந்துகொடுக்கும். அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு சுமார் 0.33 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் காலையில் 27 டிகிரியில் சேர்த்த ஸ்ருதி, மதியம் 37 ஆகும்போது, எந்தத் தடுப்பும் இல்லாத கருவியில் ஒரு ஸ்தாயிக்குக் கிட்டத்தட்ட 40 சென்ட் பிசகும். நூறு சென்ட் ஒரு அரைச்சுரம். கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி போய்விட்டது என்றால் பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

இதைச் சரிக்கட்டத்தான் வெப்பத்துக்கேற்ப மாறும் தனி ரெசிஸ்டரை உள்ளே வைக்கிறார்கள். கர்ட்டிஸ் நிறுவனத்தின் 3340 சில்லில் அந்தச் சரிக்கட்டல் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் பிசகு முழுதாகப் போகாது. மிச்சம் இருக்கும் அந்த லேசான அலைச்சலைத்தான் நல்ல பொழுதில் "உயிரோட்டம்" என்கிறோம், கெட்ட பொழுதில் "ஸ்ருதி போச்சு" என்கிறோம். இரண்டு ஆசிலேட்டரை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கும்போது மெதுவாக ஓர் அலை எழுந்து அடங்குகிறதே, அது இதனால்தான்.

ஜூனோவில் இருப்பது வேறு வகை. அங்கே ஆசிலேட்டருக்கு நேரத்தைச் சொல்வது டிஜிட்டல் கடிகாரம். கத்திரி வெயிலில் வைத்தாலும் அதன் ஸ்ருதி அசையாது. திறந்தவெளி மேடையில் வாசிக்கிறவருக்கு இது வரம். ஒலிப்பதிவில் கனம் தேடுகிறவருக்கு அதே விஷயம் சப்பென்று இருக்கும்.

ஒப்பிடும் முறை இதுதான். கருவியைப் போட்டதும் ஒரு நிமிஷம் பதிவு செய்யுங்கள். அரை மணி நேரம் சூடாக விட்டு அதே கீயை மறுபடி பதிவு செய்யுங்கள். போனில் ஒரு ட்யூனர் ஆப் வைத்து நடு ஸட்ஜத்தையும் மேல் ஸட்ஜத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் பரவாயில்லை, ட்யூன் நாபைத் தொட்டால் போதும். மேல் ஸட்ஜம் அதிகமாக நகர்ந்திருந்தால் ஸ்தாயி அளவே கெட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் ட்ரிம்மர் என்ற சின்னத் திருகைத் திருப்பாமல் தீராது. மற்ற சோதனைகள் எல்லாம் இந்த அரை மணிக்குப் பிறகுதான். மாலையை நான் சொல்வதற்கும் இதுவே காரணம்: ஐந்து மணிக்கு மேல் அறையின் சூடு அவ்வளவாக ஏறி இறங்காது. ஏசி நேராக முகத்தில் அடிக்கும் இடத்திலும் கருவியை வைக்காதீர்கள்.

ஆசிலேட்டரைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள்

ரம்ப அலையில் எல்லா மேல்சுரங்களும் இருக்கும், சதுர அலையில் ஒற்றைப்படை மேல்சுரங்கள் மட்டும். இது எந்தக் கம்பெனிக்கும் பொது. மினிமோக்கில் மூன்று ஆசிலேட்டர், ரோலண்ட் எஸ்எச்‑101இல் ஒன்றே ஒன்றும் அதற்குக் கீழ் ஸ்தாயியில் துணை ஆசிலேட்டரும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒப்பிடும்போது எல்லாக் கருவியிலும் ஒரே ஆசிலேட்டரை, ரம்ப அலையில் வைத்து மற்றவற்றை அணைத்துவிடுங்கள். மூன்றைச் சேர்த்தால் எதுவும் பெரிதாகத்தான் கேட்கும்.

ஃபில்டரில்தான் ஜாதகம்

ஆசிலேட்டரின் ஒலியில் ஒரு பகுதியை வடிகட்டுவதுதான் ஃபில்டர். எந்த இடத்தில் வடிகட்டுவது என்பது கட்‑ஆஃப், அந்த இடத்து ஒலியைத் தூக்கிக் காட்டுவது ரெசனன்ஸ். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழ் ஸட்ஜத்தை அழுத்திப் பிடியுங்கள். ரெசனன்ஸை பூஜ்யத்தில் வையுங்கள். கட்‑ஆஃப் நாபை முழுதாக மூடிவிட்டு, மனசுக்குள் ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம் போட்டு, அந்த நேரத்தில் சீராகத் திறங்கள். பிறகு ரெசனன்ஸைப் பாதியில் வைத்து அதே வேகத்தில் ஒருமுறை. பிறகு முழுதாக வைத்து ஒருமுறை. எல்லாக் கருவிக்கும் இதே மூன்று. தாளம் போடச் சொல்வது விளையாட்டுக்கல்ல. வேகமாகத் திருப்பினால் எல்லா ஃபில்டரும் "வாவ்" என்றுதான் சொல்லும்.

1970இல் வந்த மினிமோக்கின் ஃபில்டர் டிரான்சிஸ்டர்களை ஏணிப்படிபோல் அடுக்கியது. 24 டெசிபல் சரிவு என்பார்கள். அதாவது கட்‑ஆஃபைத் தாண்டி ஒவ்வொரு ஸ்தாயி மேலே போகவும் ஒலி பதினாறில் ஒரு பங்காகும். மூடினால் நிஜமாகவே மூடிக்கொள்ளும். அதனால்தான் அதன் பேஸ் உருண்டு திரண்டு வருகிறது. ஆனால் ரெசனன்ஸை ஏற்றினால் அடி ஒலி மெலியும். மினிமோக் வம்சத்தை அடையாளம் காண எனக்குத் தெரிந்த நேரான வழி அதுதான். பெஹ்ரிங்கர் மாடல் டி போன்ற நகல்களிலும் இதையே கேட்கலாம். இன்னொன்று, மிக்ஸர் நாப்களை ஏற்ற ஏற்ற ஃபில்டருக்குள் ஒலி நெரிபட்டுத் தடிக்கும். ஆகவே மிக்ஸரை மூன்றில் வைத்து ஒருமுறையும் எட்டில் வைத்து ஒருமுறையும் கேளுங்கள். ஒரே கருவிதானா என்று கேட்கத் தோன்றும்.

1974இல் வந்த ஓபர்ஹைம் எஸ்இஎம்மின் ஃபில்டர் இதற்கு நேர் எதிர். சரிவு 12 டெசிபல்தான், ஸ்தாயிக்கு நாலில் ஒரு பங்கு. மூடினாலும் மேலே கொஞ்சம் காற்றும் வெளிச்சமும் இருந்துகொண்டே இருக்கும். ரெசனன்ஸை முழுதாக ஏற்றினாலும் தானாக விசிலடிக்காது. ஒரே நாபில் லோபாஸிலிருந்து (கீழ் ஒலியை மட்டும் விடுவது) நாட்ச் (நடுவில் ஒரு துண்டை வெட்டுவது) வழியாக ஹைபாஸ் (மேல் ஒலியை மட்டும் விடுவது) வரை நகரலாம் என்பது அதன் தனி அழகு. பாடகரின் குரலுக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஒலிக்கு இந்த வகை எனக்குப் பிடிக்கும், குரலை அமுக்காது.

1978இல் வந்த கோர்க் எம்எஸ்‑20 முரட்டுப் பிள்ளை. ஹைபாஸ் ஒன்று, லோபாஸ் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி ரெசனன்ஸ். இரண்டையும் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டு, இரண்டு கட்‑ஆஃபையும் எதிரெதிராக நகர்த்துங்கள். ஆ, ஓ, ஈ என்று உயிரெழுத்து மாதிரி ஏதோ வாயைத் திறந்து மூடும். இன்னும் ஏற்றினால் அலறும். அந்த அலறலைப் பிடிக்காதவர்கள் அதை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. 2013இல் வந்த எம்எஸ்‑20 மினியிலும் அதே குணம் இருக்கிறது, கீக்கள்தான் சின்னது.

ஃபில்டர் வித்தியாசத்தை ஒரே கருவியில் படிக்க ஆசையா? ஏஆர்பி ஒடிசி 1972இலிருந்து பல பதிப்புகளாக வந்தபோது ஃபில்டரும் மாறி மாறி மூன்று வகையானது. 2015இல் கோர்க் அதை மறுபடி செய்தபோது மூன்று ஃபில்டரையும் ஒரே பெட்டியில் வைத்து ஒரு சுவிட்சும் கொடுத்தது. ஆசிலேட்டர் அதே, என்வலப் அதே. சுவிட்சைத் தள்ளினால் ஆளே மாறுகிறார். எங்காவது கண்ணில் பட்டால் வாங்காவிட்டாலும் அந்தச் சுவிட்சையாவது தள்ளிப் பாருங்கள். சீக்வென்ஷியல் புராஃபெட்‑5 கதையும் இதுதான்: 1978இல் வந்த முதல் பதிப்புகளில் எஸ்எஸ்எம் சில்லுகள், மூன்றாம் பதிப்பில் கர்ட்டிஸ் சில்லுகள். எது உசத்தி என்று ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். 2020இல் வந்த நான்காம் பதிப்பில் இரண்டு வகை ஃபில்டரையும் வைத்துச் சண்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

ரோலண்ட் டிபி‑303 என்ற பேஸ் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. பம்பாயில் திரைப்படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982இல் அதை ஜூபிடர்‑8, டிஆர்‑808 தாளக் கருவி ஆகியவற்றோடு வைத்து ராகங்களை வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். டிபி‑303இன் ஃபில்டரைத் தனியாக மதிப்பிட்டுப் பயனில்லை. அக்சென்ட் போட்ட சுரத்தில் ஃபில்டர் துள்ளுவதும், ஸ்லைடில் சுரம் வழுக்குவதும் சேர்ந்துதான் அது. எனவே ஓடும் வரிசையில் வைத்தே கேளுங்கள். ஜூபிடர்‑8 வந்தது 1981இல், நம் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்த அதே வருஷம். சம்பந்தம் ஒன்றும் இல்லை, எனக்கு வருஷம் ஞாபகம் இருப்பது அப்படி.

என்வலப்: "டப்" சோதனை

கீயைத் தட்டியதும் ஒலி எப்படி எழுந்து அடங்குகிறது என்பதை ஆள்வது என்வலப். அட்டாக் எழும் நேரம், டிகே இறங்கும் நேரம், சஸ்டெய்ன் கீயைப் பிடித்திருக்கும்போது நிற்கும் அளவு, ரிலீஸ் விரலை எடுத்த பிறகு அடங்கும் நேரம். இப்போது அட்டாக் பூஜ்யம், டிகே மிகக் குறைவு, சஸ்டெய்ன் பூஜ்யம். ஃபில்டருக்கும் அதே என்வலப். கீழ் ஸ்தாயியில் ஒரு கீயைத் தட்டுங்கள். வேகமான கருவியில் மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் அடி மாதிரி முனை தெறிக்கும். மெதுவானதில் "தொப்" என்று விழும். மினிமோக் இதில் கெட்டிக்காரன். அதில் தனி ரிலீஸ் நாப் கிடையாது, டிகே நேரத்தையே ரிலீசுக்கும் எடுத்துக்கொள்ளும்; அதற்கொரு சுவிட்ச் உண்டு. அதை மறந்துவிட்டு "ஒலி டக்கென்று அறுந்துபோகுது" என்று குறை சொல்கிறவர்கள் உண்டு.

உங்கள் கைக்கு என்ன பதில் சொல்கிறது

வெளிநாட்டு வீடியோக்களில் இந்தச் சோதனையைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை, ஆனால் நமக்கு இதுதான் முக்கியம். ஒற்றைக் குரல் கருவியில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும் கருவியில், இரண்டு கீயை ஒன்றாக அழுத்தினால் எது ஒலிக்கும்? கருவிக்குக் கருவி மாறும். மினிமோக்கில் கீழ்ச் சுரத்துக்கே முன்னுரிமை. ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு ரிஷபத்தைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. ரிஷபத்தைப் பிடித்துக்கொண்டு ஸட்ஜத்தைத் தட்டினால் இறங்கித் திரும்பும். கடைசியாகத் தட்டிய சுரத்துக்கு முன்னுரிமை தரும் கருவிகளில் இரண்டு பக்கமும் அசைக்கலாம். அசைவுகளை எந்தப் பக்கத்திலிருந்து தொடுவது உங்கள் விரலுக்குப் பழக்கமோ அதற்கேற்ற கருவியைத் தேடுங்கள்.

அத்தோடு ட்ரிகரையும், அதாவது என்வலப் எப்போது தொடங்குகிறது என்பதையும், பாருங்கள். விரலை எடுக்காமல் அடுத்த கீக்குப் போனால் மினிமோக்கில் என்வலப் மறுபடி ஆரம்பிக்காது. வீணையில் ஒரே மீட்டில் பல சுரம் வாங்குவது போன்ற வாசிப்புக்கு அது பொருந்தும். ஒவ்வொரு கீக்கும் மறுபடி தட்டும் கருவியில் ஜண்டை வரிசை பளிச்சென்று வரும், ஜாரு வராது.

பிறகு க்ளைடை (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் வசதி) நடுவில் வைத்து ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம், ஸட்ஜத்திலிருந்து ரிஷபம் என்று வழுக்குங்கள். சிலவற்றில் தூரம் எவ்வளவானாலும் ஒரே நேரம்; சிலவற்றில் தூரம் கூடினால் நேரமும் கூடும். கடைசியில் பிட்ச் வீலில் தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பாருங்கள். நடுவில் வீல் விழுந்து நிற்கும் பள்ளம் பெரிதாக இருந்தால் காந்தாரம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கோர்க் மோனோலாக்கில் சுர இடைவெளிகளையே நாம் மாற்றி அமைக்கும் வசதி இருக்கிறது. மலிவான கருவியில் இது கிடைப்பது பெரிய விஷயம்.

பல குரல் கருவிகள்

சர்ச்சில் பாமாலைக்கு வாசிக்கிறவர்கள் குரல் எண்ணிக்கையைக் கவனியுங்கள். கோர்க் மினிலாக்கில் நாலு குரல். நாலு பாகமும் ஒலித்துக்கொண்டிருக்கையில் ரிலீசைக் கொஞ்சம் நீட்டினால், அடுத்த கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள்) வரும்போது முந்தைய கார்டு வெட்டுப்படும். புராஃபெட்‑5இல் ஐந்து, ஜூனோவில் ஆறு, ஜூபிடரில் எட்டு. குரலுக்குக் குரல் சிறு வித்தியாசம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதிகமாக இருந்தால் ரிப்பேர், கொஞ்சமாக இருந்தால் அழகு. புதிய புராஃபெட்டில் இந்த வித்தியாசத்தைக் கூட்டிக் குறைக்கவே விண்டேஜ் என்று ஒரு நாப் வைத்திருக்கிறார்கள்.

பெயர் தெரியாமல் கேளுங்கள்

எல்லாவற்றையும் பதிவு செய்த பிறகு, வீட்டில் யாரையாவது விட்டு ஃபைல் பெயர்களை எண்களாக மாற்றச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் கேளுங்கள். மிடி (சுரங்களைக் கட்டளையாக அனுப்பும் இணைப்பு) உள்ள கருவிகளுக்கு ஒரே வரிசையைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினால் வாசிப்பு வித்தியாசமும் போய்விடும். எஸ்எச்‑101இல் மிடி கிடையாது, கையால்தான் வாசிக்க வேண்டும். எழுதும்போது "வார்ம்", "ஃபேட்" என்றெல்லாம் எழுதாதீர்கள். "ரெசனன்ஸ் ஏற்றினால் அடி போகிறது", "மேல் ஸ்தாயியில் கிளிக் கேட்கிறது" என்று நடந்ததை எழுதுங்கள்.

வாங்கும் முன்

பழைய கருவிகளில் பல ஜப்பானிலிருந்து வருபவை, 100 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்தால் 120. நம் வீட்டில் 230. பின்பக்க எழுத்தைப் படிக்காமல் பிளக்கைச் சொருகினால் கதை முடிந்தது. சரியான ஸ்டெப்‑டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம், அதன் விலையையும் கருவி விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மண்டபங்களில் ஹம் வருகிறதென்று எர்த் பின்னை ஒடித்துவிட்டு வாசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

ஜூனோ‑106 என்றால் அதன் குரல் சில்லுகள் வயதாகிச் சாவது உலகறிந்த விஷயம். கீ ட்ரான்ஸ்போஸ் பொத்தானைப் பிடித்தபடி பவரைப் போட்டால் டெஸ்ட் மோடுக்குப் போகும். ஒவ்வொரு கீயை அழுத்தும்போதும் எந்தக் குரல் ஒலிக்கிறதோ அதன் எண் திரையில் தெரியும். ஆறையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சூடேறிய பிறகு இன்னொரு முறை கேளுங்கள். விற்கிறவர் அவசரப்படுத்தினால் காபி சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி, கருவியை ஆனிலேயே விட்டுவிட்டுப் போய் வாருங்கள்.